‘ஃப்ரீ’ வக்கீல் என்றால் எந்த வக்கீல்?

ஆங்கிலம் அதிகம் பேசாதவர்களுக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் ‘ஃப்ரீ’. ‘ஒன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ’ என்றால் காசு வேண்டாம் என்று அர்த்தம். ‘சாயங்காலம் ஃப்ரீயா இருக்கீங்களா?’ என்றால் வேலை ஒன்றும் இல்லையே என்று கேட்கிறார்கள். ‘அவர்கிட்ட ஃப்ரீயா பேசலாம்’ என்றால் தயங்க வேண்டாம் என்கிறார்கள். மூன்றையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பக்கத்தில் இருக்கும் சொற்களே அர்த்தத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இதையே ஸ்பானிஷில் சொல்ல வேண்டுமானால் கதை வேறு. காசில்லாமல் கிடைப்பதற்கு அங்கே ‘கிராத்திஸ்’ என்று ஒரு சொல். கட்டுப்பாடு இல்லாமல் இருப்பதற்கும், வேலையில்லாமல் காலியாக இருப்பதற்கும் ‘லிப்ரே’ என்று வேறு சொல். ஆங்கிலத்தில் ஒன்றாக இருப்பது ஸ்பானிஷுக்குப் போகும்போது இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. எதைச் சொல்வது என்பதைப் பேசுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தப்பாகச் சொல்லிவிட்டால்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே திருத்திவிடுவார். ஆனால், அமெரிக்காவில் ஒரு முறை இந்த இரண்டு சொற்கள் இடம் மாறியதால் ஒரு வழக்கே திரும்பி நடக்க வேண்டியதாகிவிட்டது.

போலீஸ் சொன்ன ‘லிப்ரே’

ஹாலிவுட் படம் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். கையில் விலங்கு மாட்டிக்கொண்டே போலீஸ்காரர் கடகடவென்று ஒப்பிப்பார். ‘பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. நீ சொல்வது எதுவும் கோர்ட்டில் உனக்கு எதிராகப் பயன்படலாம். வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் ஒருவர் நியமிக்கப்படுவார்.’ இது சினிமாவுக்காக எழுதிய வசனம் இல்லை. அரிசோனா மாநிலத்தில் 1963-ல் கைதான எர்னெஸ்டோ மிராண்டா என்பவரின் வழக்கில், 1966-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலிருந்து வந்த விதி. அதனால் இதற்கு ‘மிராண்டா எச்சரிக்கை’ என்றே பெயர். காவலில் இருப்பவரிடம் இதைச் சொல்லாமல் விசாரித்தால், அவர் சொன்னதை அவருடைய குற்றத்தை நிரூபிக்கும் ஆதாரமாக அரசுத் தரப்பு வைக்க முடியாது.

அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் மேல். அதனால் இந்த எச்சரிக்கையை ஸ்பானிஷிலும் சொல்ல வேண்டிய தேவை அங்கே அடிக்கடி வரும். ஆரிகன் மாநிலத்தில் ஒரு வழக்கில், கைதான ஸ்பானிஷ்காரர் ஒருவரிடம் துப்பறியும் அதிகாரி அதை ஸ்பானிஷில் சொன்னார். வக்கீல் பற்றிய வரி வந்தபோது, காசில்லாமல் கிடைக்கும் வக்கீல் என்பதற்கு அவர் ‘லிப்ரே’ என்ற சொல்லைப் போட்டுவிட்டார். அதோடு, வக்கீல் ‘கொடுக்கப்படுவார்’ என்பதற்குப் பதிலாகக் ‘கொடுக்கப்படலாம்’ என்றும் சொல்லிவிட்டார்.

கேட்டவர் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? ‘வக்கீல் யாராவது வேலையில்லாமல் காலியாக இருந்தால், ஒருவேளை கிடைக்கலாம்.’ சட்டம் கொடுக்கும் உறுதி, யாருக்காவது நேரம் இருந்தால் செய்கிற உதவி போல மாறிவிட்டது. ‘கிராத்திஸ்’ என்று சொல்லியிருந்தால், ‘என்னிடம் பணம் இல்லாவிட்டாலும் வக்கீல் உண்டு’ என்பது அவருக்குப் புரிந்திருக்கும்.

வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-ல் தீர்ப்புச் சொன்னது. ‘லிப்ரே’ என்றால் ஓய்வாக இருப்பது, தடையின்றி இருப்பது. செலவில்லாமல் என்ற பொருளுக்கு அது சரியான சொல் இல்லை என்றது நீதிமன்றம். அவருக்கு முன்னதாக ஆங்கிலத்தில் எச்சரிக்கையைச் சரியாகச் சொல்லியிருந்தார்களே என்று கேட்கலாம். இரண்டு விதமாகச் சொல்லிவிட்டு, எது சரி என்று யாரும் தெளிவுபடுத்தாதபோது முதலில் சொன்னது பிழையைச் சரிசெய்யாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த எச்சரிக்கைக்குப் பின் அவர் சொன்னவற்றை ஆதாரமாக ஏற்றது தவறு என்று கூறி வழக்கைக் கீழ்க் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பியது.

எச்சரிக்கையை இன்ன சொற்களில்தான் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்பதில்லை. உரிமை என்ன என்பது கேட்பவருக்கு நியாயமாகப் புரிய வேண்டும் என்றுதான் கேட்கிறது. இங்கே அது புரியவில்லை. 2016-ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், ஸ்பானிஷில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும்படியான எச்சரிக்கை வாசகம் வேண்டும் என்று தீர்மானமே போட்டது.

அதிகாரி ஏன் தடுக்கினார்?

அவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் ‘லிப்ரே’ கொஞ்சம் ஏமாற்றுகிற சொல்தான். ஸ்பெயினில் டாக்ஸியில் ‘லிப்ரே’ என்று போட்டிருந்தால் வண்டி காலி, ஏறலாம் என்று அர்த்தம். இறங்கும்போது காசு கொடுத்தே ஆக வேண்டும்! விடுமுறை நாள் ‘தியா லிப்ரே’. ஃபுட்பாலில் ஃப்ரீ கிக் ‘தீரோ லிப்ரே’. முகமூடி போட்டுக்கொண்டு பறந்து பறந்து சண்டை போடும் மெக்ஸிகோ மல்யுத்தம் ‘லூச்சா லிப்ரே’. இவை எதிலும் பணத்துக்கு இடமே இல்லை.

ஆனால், ஒரு கண்காட்சி வாசலில் ‘என்த்ராதா லிப்ரே’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் டிக்கெட் வாங்காமலே உள்ளே போகலாம். ‘யார் வேண்டுமானாலும் தடையில்லாமல் வரலாம்’ என்பது சொல்லின் பொருள். காசு கேட்காததும் அதில் சேர்ந்துகொண்டது. இந்தப் பலகையை நாலு இடத்தில் பார்த்தவருக்கு, ‘லிப்ரே என்றால் இலவசம்’ என்று மனதில் பதிந்துவிடும். அதை அப்படியே வக்கீலுக்குப் பொருத்தினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு ‘ஃப்ரீ’யும் உண்டு. பிஸ்கட் பாக்கெட்டில் ‘சுகர் ஃப்ரீ’ என்று போடுகிறார்களே, அது. அதற்கு ஸ்பானிஷில் சர்வ சாதாரணமாகச் சொல்வது ‘சின் அசூகார்’. ‘சின்’ என்றால் ‘இல்லாமல்’. அங்கே லிப்ரேவும் இல்லை, கிராத்திஸும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே குழப்பம் ஆங்கிலக்காரர்களையும் படுத்தியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் ‘குனு’ என்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமையோடு வரும் மென்பொருளை ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்றார். கேட்டவர்கள் எல்லோரும் ‘ஓஹோ, காசில்லாமல் கிடைக்குமா?’ என்றார்கள். ‘பேச்சுச் சுதந்திரத்தில் வருகிற ஃப்ரீ, இலவச பீரில் வருகிற ஃப்ரீ இல்லை’ என்று விளக்கியே அவர் அலுத்திருப்பார். ஸ்பானிஷில் அந்த வம்பே இல்லை. ‘சாஃப்ட்வேர் லிப்ரே’ என்றால் தீர்ந்தது. தமிழிலும் அப்படித்தான்: ‘இலவச மென்பொருள்’ வேறு, ‘கட்டற்ற மென்பொருள்’ வேறு. வேறு வழியில்லாமல் ஆங்கிலமே ‘லிப்ரே’யைக் கடன் வாங்கிக்கொண்டது. உங்கள் கணினியில் இருக்கும் ‘லிப்ரே ஆஃபீஸ்’ என்ற பெயர் அந்த வழியில் வந்ததுதான்.

போலீஸ் விசாரணையில் தப்பாகப் போன அதே சொல், மென்பொருளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. தவறு சொல்லில் இல்லை; அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

மருந்துச் சீட்டில் இரண்டு முத்தங்கள்

போலீஸ், கோர்ட் எல்லாம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மருந்துக்கடை அப்படி இல்லையே! நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் ஏராளம். அங்குள்ள மருந்துக்கடைகள் மருந்து பாட்டிலில் ஒட்டும் லேபிளை எப்படி மொழிபெயர்க்கின்றன என்று ஓர் ஆய்வு நடந்தது. ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற குழந்தை மருத்துவ இதழில் 2010-ல் வெளிவந்தது. ஸ்பானிஷ் லேபிள் கொடுத்த கடைகளில் பெரும்பாலானவை கணினி மென்பொருளை நம்பியிருந்தன. அப்படித் தயாரான 76 லேபிள்களைப் பார்த்ததில் சரிபாதியில் பிழை.

சிலவற்றில், ‘ஒரு நாளைக்கு ஒரு முறை’ என்பதற்கான ‘ஒன்ஸ் எ டே’ என்ற ஆங்கிலம் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நின்றது. இதில் என்ன ஆபத்து? ‘ஒன்ஸ்’ என்பதை ஆங்கிலத்தில் ஓ, என், சி, ஈ என்று நான்கு எழுத்தில் எழுதுகிறார்கள். அதே நான்கு எழுத்து ஸ்பானிஷிலும் உண்டு. ‘ஓன்சே’ என்று படிப்பார்கள். அர்த்தம்? பதினொன்று! ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த ஒரு தாய் அந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு லேபிளில் ‘இரண்டு தடவை’ என்பதற்கு ‘இரண்டு முத்தங்கள்’ என்று வந்திருந்தது. ஸ்பானிஷில் தடவைகள் என்பது ‘பேசெஸ்’, முத்தங்கள் என்பது ‘பேசோஸ்’. முதல் சொல்லை எழுதுவது வி எழுத்தில். இரண்டாவதை எழுதுவது பி எழுத்தில். ஆனால் ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒலி ஒன்றே. காதால் கேட்டதை வைத்து எழுதியவருக்கு முத்தம் வந்துவிட்டது. வாய் என்று வர வேண்டிய ‘போகா’, கொஞ்சம் என்று பொருள்படும் ‘போகா’வாக மாறியதும் அதே ஆய்வில் இருக்கிறது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. ஸ்பானிஷில் முதல் எழுத்து வேறு.

சரி, முத்தம் போகட்டும். ஆங்கிலச் சொல்லுக்கும் ஸ்பானிஷ் சொல்லுக்கும் முகம் ஒன்றாக இருந்து பொருள் வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1980-ல் ஃபுளோரிடாவில் நடந்தது அழியாத உதாரணம். 18 வயது இளைஞன் ஒருவன் திடீரென்று நினைவிழந்தான். கியூபாவிலிருந்து வந்த அவன் குடும்பத்தார் மருத்துவமனையில் ‘இன்டாக்சிகாதோ’ என்றார்கள். சாப்பிட்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளாமல் உடம்புக்கு வந்துவிட்டது என்பது கியூபா வழக்கில் அதன் பொருள். டாக்டர்கள் காதில் அது ‘இன்டாக்சிகேட்டட்’ என்ற ஆங்கிலச் சொல்லாக விழுந்தது. பையன் போதை மருந்தை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டான் என்று எண்ணி அதற்கே வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் அவனுக்கு மூளையில் ரத்தக் கசிவு. அது தெரிய வந்தபோது நாள்கள் கடந்துவிட்டன. கைகால்கள் செயலிழந்தன. பின்னர் ஏற்பட்ட நஷ்டஈட்டு உடன்பாடு, அவனுடைய ஆயுள் முழுவதற்குமான கணக்கில் சுமார் 7.1 கோடி டாலர்.

அந்த அறையில் இரண்டு மொழியும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது போலவே இருந்தது. அதனால் மொழிபெயர்ப்பாளரை யாரும் கூப்பிடவில்லை.

தமிழர்களுக்கு ஒரு சௌகரியம்

ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளும் தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் கற்கிறார்கள். செயலியும் ஆங்கிலம், பாடப் புத்தகமும் ஆங்கிலம். அதனால் ஆங்கிலக்காரர்கள் தடுக்கி விழும் பள்ளங்களிலேயே தாங்களும் போய் விழுகிறார்கள். தேவையே இல்லை. பல இடங்களில் ஸ்பானிஷ் பிரிக்கிற மாதிரியே தமிழும் பிரித்து வைத்திருக்கிறது.

‘ஹாட்’ என்ற சொல்லைப் பாருங்கள். சாப்பாடு ‘ஹாட்’டாக இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டால் சூடா, காரமா என்று தெரியாது. தமிழில் சூடு வேறு, காரம் வேறு. ஸ்பானிஷிலும் சூட்டுக்குக் ‘காலியென்தே’, காரத்துக்குப் ‘பிகான்தே’. மெக்ஸிகோ உணவகத்தில் காரத்துக்குப் பயந்து ‘காலியென்தே வேண்டாம்’ என்று சொன்னால், ஆறிப்போன அதே காரச் சட்னி வரும்.

‘டைம்’ இன்னொன்று. ‘நேரம் இல்லை’ என்றால் ‘தியெம்போ’. ‘மணி என்ன?’ என்றால் ‘ஓரா’. ‘இரண்டு தடவை’ என்றால் மேலே பார்த்த ‘பேசெஸ்’. ‘அந்தக் காலத்தில்’ என்றால் ‘எபோகா’. நேரம், மணி, தடவை, காலம் என்று தமிழிலும் நாலு சொல்.

‘கார்னர்’? தெருமுனை என்றால் ‘எஸ்கீனா’. அறையின் மூலை என்றால் ‘ரின்கோன்’. முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மூலை உள்ளே ஒடுங்கியிருக்கும். தமிழ்க் குழந்தைக்குக்கூடத் தெரிந்த வித்தியாசம்.

‘ப்ளே’? பந்து விளையாடினால் ‘ஹுகார்’. வீணை வாசித்தால் ‘தோகார்’. ‘யூ’? நெருங்கியவருக்கு ‘தூ’, மரியாதைக்கு ‘உஸ்தேத்’. நீ, நீங்கள் என்று தினமும் பார்த்துப் பேசுகிறவர்களுக்கு இதைப் பாடமாக வேறு நடத்த வேண்டுமா?

ஸ்பானிஷ் படிக்கிறவர்களைக் கலங்கடிக்கும் ‘செர்’, ‘எஸ்தார்’ சமாசாரத்தில்கூடத் தமிழ் கொஞ்சம் கை கொடுக்கும். ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் எ டாக்டர்’, ‘ஹி இஸ் டயர்டு’, ‘ஹி இஸ் அட் ஹோம்’ மூன்றிலும் ஒரே ‘இஸ்’. தமிழில் ‘அவர் டாக்டர்’ என்று வினையே இல்லாமல் முடித்துவிடலாம். ‘களைப்பாக இருக்கிறார்’, ‘வீட்டில் இருக்கிறார்’ என்பவற்றுக்கு ‘இரு’ வேண்டும். ஸ்பானிஷில் முதலாவதுக்கு செர், மற்ற இரண்டுக்கும் எஸ்தார். எல்லா வாக்கியத்திலும் இது அப்படியே பொருந்தாது. ஆனாலும் ‘நிரந்தரம் என்றால் செர், தற்காலிகம் என்றால் எஸ்தார்’ என்று பல வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கும் சூத்திரத்தை விட இது மோசமில்லை. அந்தச் சூத்திரத்தின்படி பார்த்தால், ‘அவர் இறந்துவிட்டார்’ என்ற நிலையைச் சொல்ல ஸ்பானிஷ்காரர்கள் எஸ்தாரைப் பயன்படுத்துவதற்கு விளக்கமே கிடைக்காது!

தமிழும் கைவிடும் இடங்கள் உண்டு. தண்ணீரில் நீந்தினாலும் மீன், தட்டில் கிடந்தாலும் மீன்தான் நமக்கு. ஸ்பானிஷில் நீந்துவது ‘பெஸ்’, பிடித்துச் சமையலுக்கு வந்துவிட்டால் ‘பெஸ்காதோ’. ‘பிடிபட்டது’ என்பதே அந்தச் சொல்லின் பொருள். மனிதன் கால் ‘பியெர்னா’. மாட்டின் காலும் மேசையின் காலும் ‘பாத்தா’. டாக்டரிடம் போய் ‘என் பாத்தா வலிக்கிறது’ என்றால் அவர் சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். ஏடாகூடமாக எதையாவது செய்து மாட்டிக்கொள்வதை ஸ்பானிஷில் ‘பாத்தாவை உள்ளே விடுவது’ என்றே சொல்வார்கள் என்பது கூடுதல் பொருத்தம்.

‘ரைட்’டில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். வலது பக்கம் ‘தெரேச்சா’, உரிமை ‘தெரேச்சோ’. அந்த ‘தெரேச்சோ’வுக்கே ‘நேராக’ என்றும் பொருள் உண்டு. வழி கேட்கும்போது கடைசி எழுத்தைச் சரியாகக் காதில் வாங்காவிட்டால், நேராகப் போக வேண்டியவர் வலது பக்கம் திரும்பிவிடுவார்.

எந்த ஊர் ஸ்பானிஷ்?

பொருளைச் சரியாகப் பிடித்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும். ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சி மொழி. ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி. மதுரைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் வேறுபடுவது போல அங்கும் ஊருக்கு ஒரு வழக்கு.

கம்ப்யூட்டர் ஸ்பெயினில் ‘ஓர்தெனதோர்’, லத்தீன் அமெரிக்காவில் ‘கோம்பியூததோரா’. பஸ்ஸுக்கு எங்கும் புரிகிற சொல் ‘அவுதோபூஸ்’. ஆனால் மெக்ஸிகோவில் பஸ்ஸைக் ‘கமியோன்’ என்பார்கள். ஸ்பெயினில் கமியோன் என்றால் லாரி. கியூபாவில் பஸ்ஸுக்கு ‘குவாகுவா’. சிலி நாட்டில் குவாகுவா என்றால் கைக்குழந்தை! ‘குவாகுவாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற ஒரே வாக்கியம், ஹவானாவில் பஸ் ஸ்டாப்பையும் சான்டியாகோவில் பிரசவ வார்டையும் நினைவூட்டும்.

சரியான சொல்லைப் பிடிக்க ஐந்து வழிகள்

ஒன்று: அகராதியைத் திறக்கும் முன், ஆங்கிலச் சொல்லை நீக்கிவிட்டுப் பொருளைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ஃப்ரீ வக்கீல்’ என்பது ‘காசு வாங்காத வக்கீலா’, ‘ஓய்வாக இருக்கும் வக்கீலா’? தமிழில் பிரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு: அகராதியில் முதலில் இருக்கும் சொல்லை அள்ளிக்கொண்டு ஓடாதீர்கள். நல்ல அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது எதற்கு உரியது என்ற குறிப்பும் எடுத்துக்காட்டும் இருக்கும். உங்கள் வாக்கியத்துக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு எது என்று தேடுங்கள்.

மூன்று: கிடைத்த ஸ்பானிஷ் சொல்லைத் திருப்பிப் போட்டுத் தேடுங்கள். ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது நீங்கள் நினைத்த பொருளே வருகிறதா? ‘லிப்ரே’யைத் திருப்பிப் பார்த்திருந்தால் ‘ஓய்வாக, சுதந்திரமாக’ என்று வந்து எச்சரித்திருக்கும். ஓரளவு ஸ்பானிஷ் படிக்கத் தெரிந்தால், 1713-ல் தொடங்கிய ரியல் அகாதெமியா எஸ்பான்யோலா என்ற மொழிக் கழகத்தின் அகராதி இணையத்தில் காசில்லாமலே கிடைக்கிறது. ஆம், கிராத்திஸ்!

நான்கு: மொழிபெயர்ப்புச் செயலிக்கு ஒற்றைச் சொல்லைக் கொடுக்காதீர்கள்; முழு வாக்கியம் கொடுங்கள். ‘ஃப்ரீ’ என்று மட்டும் தட்டினால், எந்த ‘ஃப்ரீ’ என்று அதற்கு எப்படித் தெரியும்? பக்கத்துச் சொற்களைப் பார்த்துத்தான் மனிதரும் பொருள் பிரிக்கிறார், இயந்திரமும் பிரிக்கிறது. கேட்கப்போகிறவர் எந்த நாட்டுக்காரர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து: மருந்து, மருத்துவமனை, போலீஸ், கோர்ட் என்று வந்துவிட்டால் மேலே சொன்ன நாலையும் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் ஆங்கிலம் தெரியாதவர்களுக்குச் சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று 1978-லேயே சட்டம் போட்டார்கள். கோர்ட்டுக்கு முந்தைய படிகளான காவல் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும்தான் ‘எனக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் தெரியும்’ என்று யாராவது முன்வந்துவிடுகிறார்கள். உதவும் மனசு நல்லதுதான். ஆனால் ‘இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறதோ’ என்ற சந்தேகம் பழக்கப்பட்டவருக்குத்தான் வரும்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை

‘கீ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஸ்பானிஷில் மூன்று சொற்கள்: ‘யாவே’, ‘தெக்லா’, ‘கிளாவே’. கீழே உள்ள மூன்று வாக்கியங்களையும் முதலில் தமிழில் யோசித்துவிட்டு, எதற்கு எது என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

1. வீட்டுக் ‘கீ’ மிதியடிக்குக் கீழே இருக்கிறது.
2. கணினியில் ஏதாவது ஒரு ‘கீ’யை அழுத்துங்கள்.
3. இந்த மர்மத்தின் ‘கீ’ அந்தப் பழைய கடிதத்தில் இருக்கிறது.

விடை: பூட்டைத் திறக்கும் சாவி ‘யாவே’. விரலால் தட்டும் விசை ‘தெக்லா’. புதிரை அவிழ்க்கும் துப்பு ‘கிளாவே’. சாவி, விசை, துப்பு என்று தமிழில் பிரித்துப் பார்த்தவர்களுக்கு மூன்றும் சரியாக வந்திருக்கும். அடுத்த முறை ஸ்பானிஷ் பாடம் படிக்க உட்காரும்போது, பக்கத்தில் ஒரு தமிழ் அகராதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.